ஓரின் தேய்த்த பச்சைக் கார்

இப்போதெல்லாம் யாரும் காரைப் பார்க்க வருவதில்லை. காரோடு சேர்த்துத் தங்களைப் பார்த்துக்கொள்ள வருகிறார்கள். வந்ததும் காருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள், கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். போகிற போக்கில் பெல்ட்டுக் கொக்கி கதவில் உரசுகிறது. கேட்டால், "சாரி பெருசு" என்று சிரிக்கிறான். எந்த வருடத்துக் கார், என்ன எஞ்சின் என்று ஒரு வார்த்தை கிடையாது. கண்ணில் படுவது பச்சை ஒன்றுதான். அந்தப் பச்சை கம்பெனியில் அடித்ததா, பிறகு நாமாக அடித்ததா என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றுவதில்லை.

கம்பெனிப் பச்சைதான். 1970 டாட்ஜ் சேலஞ்சர். அந்த நிறத்துக்கு சப்லைம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு எலுமிச்சை ஜெல்லி கொடுப்பார்களே, அந்தப் பச்சை. அந்தக் காலத்தில் இதை வாங்கினவனைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பின்னால் கைமாறி வாங்கினவர்கள் சிவப்பையும் கறுப்பையும் அடித்து மூடினார்கள். எங்கள் கைக்கு வந்தபோது இதுவும் கறுப்புதான். பின் சீட்டைக் கழற்றினால் அடியில் பச்சை இருந்தது. என் மனைவி நாடீன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "இதுக்கு எது சொந்தமோ அதையே அடிப்போம்" என்றாள். அடித்தோம். கொட்டகையில் ஹீட்டரை வைத்துக்கொண்டு பல குளிர்காலம் போனது.

வெளியாட்களுக்கு ஒன்று புரிவதில்லை. எங்கள் பழைய கார் கண்காட்சியில் கார் அழகாக இருந்தால் போதாது. தொழிற்சாலை வாசலை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். குறைந்தாலும் மார்க் போகும், கூடினாலும் போகும். அப்போது கார் பெயிண்ட் கண்ணாடி மாதிரி வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழிகுழியாக இருக்கும். கதவுக்கு அடியில் ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்திருக்கும். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், சோதித்துப் பார்த்தவன் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்திருப்பான். இதையெல்லாம் நாம் மெனக்கெட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு சொட்டை வழியவிட நான் எத்தனை தரம் அடித்துச் சுரண்டினேன் என்று நாடீனைக் கேட்டால் சொல்வாள். அவள் சொல்லும்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நாடீனின் தம்பி ஓரின் வசந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். டொலீடோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரையை மெழுகிப் பளபளப்பாக்கும் வேலையில் காலமெல்லாம் இருந்தவன். கூடைப்பந்துத் தரையில் பையன்கள் தங்கள் பல்லைப் பார்த்துக்கொள்ளலாம், அப்படித் தேய்ப்பான். இதய ஆபரேஷன் ஆகி, எதையும் தூக்காதே, எதிலும் ஏறாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்ததிலிருந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அணில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். "நான் ஒரு நாற்காலி, அக்கா. அதுவும் ஒரு கால் உடைஞ்சது" என்பான். நாடீன் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்துவாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் நாடீனைக் கண் டாக்டரிடம் காட்டப் பக்கத்து ஊரான லைமாவுக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஓரின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் பாலிஷ் மெஷின், ஒரு வாளித் தண்ணீர், ஈரமான உப்புத்தாள். முகமெல்லாம் பச்சைத் தூள்.

"லைட்டப் போடு வெர்லின்" என்றான்.

போட்டேன். பானெட்டும் இரண்டு கதவும் கண்ணாடியாக இருந்தன. என் குழி ஒன்றைக்கூடக் காணோம்.

"என்னடா பண்ணின?"

"முடிச்சு வச்சேன். பெயிண்ட் அடிச்சவன் அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கான். அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருந்துது. யாரு அடிச்சான்?"

"ஒருத்தன் அடிச்சான்."

"அவன்கிட்ட இனிமே குடுக்காத. கதவுக்கு அடியில ஒரு சொட்டு வேற, குடிச்சிட்டு அடிச்சிருப்பான் போல. எடுத்துட்டேன்."

"எஞ்சினுக்குப் பின்னால சாக்பீஸ் கோடு ஒண்ணு..."

"அதுவும்தான். எந்தப் பய கிறுக்கினானோ. துணி போட்டுத் தொடச்சதும் போயிடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். நாடீன் என் காலை மிதித்தாள். நல்ல தடிமனான செருப்பு.

"ரொம்ப அழகா இருக்குடா ஓரின்" என்றாள்.

"எனக்குப் பசிக்குது அக்கா" என்றான் அவன். அவன் வந்த நாளிலிருந்து எங்கள் காதில் விழாத வார்த்தை அது.

அவன் கை கழுவப் போனதும் அடுப்படியில் அவள் என்னைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"நீ எதுவும் சொல்லப்போறதில்ல."

"நாளைக்கு ஜட்ஜு சொல்லுவாங்க."

"ஜட்ஜு வாயையும் நீதான் அடைக்கணும். முதல் பரிசு போனா போகட்டும். என் தம்பி இன்னிக்குத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கான். அவன் கெடுத்துட்டான்னு அவனுக்குத் தெரிஞ்சா மறுபடியும் ஜன்னலுக்குத்தான் போவான்."

"உண்மையச் சொல்றதுல என்ன..."

"ஐம்பது வருஷமா உண்மையச் சொல்லித்தான் உன்கிட்ட எங்க அண்ணன் பேசறதில்ல. நாளைக்கு ஒரு நாள் லீவு போடு."

ஓரின் இரண்டு தட்டு மீட்லோஃப் சாப்பிட்டான். பிறகு என் தட்டில் மிச்சம் இருந்த உருளைக்கிழங்கையும் கேட்டான்.

மறுநாள் காலையில் மாவட்டப் பொருட்காட்சித் திடலுக்குக் காரைக் கொண்டுபோனோம். கம்பெனிப் பச்சைக்கென்று இந்த வருடம் தனி வரிசை. எனக்குப் பக்கத்தில் ரோலோ ஃபென்ஸ்கி. அவனுடையது கரும்பச்சை பிளிமத். வருடா வருடம் என்னோடு மல்லுக்கு நிற்கிறவன். காரை நிறுத்தி நான் இறங்குவதற்குள் வந்துவிட்டான்.

"என்ன வெர்லின், கதவப் பாத்தே ஷேவ் பண்ணிக்கலாம் போலிருக்கே. உனக்கு என்ன ஆச்சு, வயசாயிடுச்சா?"

அவன் முழங்கையைப் பிடித்து அவன் காருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அடப்பாவமே. அந்தச் சொட்டுமா போச்சு?"

"அதுவும்தான்."

"எனக்கே பொறாமையா இருந்த சொட்டுடா அது."

அவன் என்னை ஆறுதல்படுத்துகிறானா, முதல் பரிசு தனக்கு வந்துவிட்டதென்று மனசுக்குள் கேக் வெட்டுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும். ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தான்.

ஓரின் மடக்கு நாற்காலியைக் காரின் முன்பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். கையில் ஒரு மெல்லிய துணி. யாராவது விரல் வைத்தால் எழுந்து போய்த் துடைப்பான். வெயில் ஏறினதும் அந்தப் பச்சையைப் பார்க்கக் கண் கூசியது. ஜனங்கள் வந்து வந்து நின்றார்கள். "யாரு பாலிஷ் போட்டது?" என்று ஒருத்தி கேட்டாள். அவன் தன்னைக் காட்டினான். காரை விட்டுவிட்டு அவனோடு படம் எடுத்துக்கொண்டாள்.

ஜட்ஜு வருவது வரிசையின் கோடியில் தெரிந்தது. டாக்டர் ஆக்னஸ் லோவ். பல் டாக்டராக இருந்த அம்மாள். இப்போதும் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கார்களுக்கு அடியில் சொத்தை தேடுகிறார்.

"ஓரின், போய் லெமனேட் வாங்கிட்டு வா" என்றேன்.

"நீயே போ. டாக்டர் நடக்காதன்னு சொல்லியிருக்காரு."

"நடக்கத்தான் சொன்னாரு."

"அது நேத்து."

வேறு வழியில்லை. நானே அந்த அம்மாவை எதிர்கொண்டு போனேன்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை..."

"கார்காரங்ககிட்ட தனியாப் பேசக் கூடாது வெர்லின். நீங்க கைதூக்கி ஓட்டுப் போட்ட விதிதான் அது. சொல்றத எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

நான்தான் அந்த விதிக்காகச் சண்டையே போட்டவன். ரோலோ எந்த ஜட்ஜுக்கும் காபி வாங்கிக்கொடுத்துவிடக் கூடாதே என்று. அவர் பின்னால் நடந்தேன்.

அவர் கதவுக்கு அடியில் கண்ணாடியை நீட்டினார். கொஞ்ச நேரம் தேடினார். எழுந்து பானெட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி அந்தத் தகட்டைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. கழுத்து வலி என்று நினைத்திருப்பார்.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"நான்தாங்க" என்று ஓரின் எழுந்து நின்றான். "நேத்து முழுக்க."

"இது ஃபேக்டரியிலிருந்து இப்படி வந்திருக்காதே."

"வரவே வராதுங்க. அவங்க விட்டத நான் முடிச்சேன்."

நாடீன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா அட்டையில் ஏதோ எழுதினார்.

"என்னங்க எழுதினீங்க?" என்றான் ஓரின்.

"மார்க் கழிச்சிருக்கேன்."

"எதுக்கு?"

நான் குறுக்கே போனேன். "டயருக்கு. டயர் சரியில்ல."

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "பெயிண்ட்டுக்குத்தான் கழிச்சேன். அளவுக்கு மேல நல்லா இருக்கு. அந்தக் காலத்துல ஒருத்தனும் இவ்வளவு நல்லா முடிக்கல. இங்க அது தப்பு."

ஓரின் கை சட்டைக்கு மேல் போய், ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்தில் நின்றது. நாடீனின் பிடி இறுகியது. ஜன்னலும் அணில்களும் எனக்குக் கண் முன்னால் வந்துவிட்டன. அந்த அம்மாவின் டார்ச்சைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

"அளவுக்கு மேலயா?" என்றான் ஓரின்.

"ஆமா."

"கம்பெனிக்காரன விடவா?"

"எவ்வளவோ மேல."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். வலிக்கிறது என்று நெஞ்சை அமுக்கிக்கொண்டு சிரித்தான்.

"வெர்லின், கேட்டியா? நல்லா இருக்குன்னு கழிச்சிருக்காங்க. ஸ்கூல்ல இத்தனை வருஷம் வேலை பாத்தேன், எந்த ஹெட்மாஸ்டரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஏய், அந்தக் கரும்பச்சைக்காரரே, இங்க வாங்க. அம்மா, அவர் காதுல விழற மாதிரி இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் சொன்னார். ரோலோ வந்து பக்கத்தில் நின்று, பாவி, முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டான். பிறகு தன் பழைய பிக்கப்பையும் இதே மாதிரி தேய்த்துத் தர முடியுமா என்று ஓரினைக் கேட்டான். அது மார்க் போடுகிற வண்டி இல்லையாம்.

"செவ்வாக்கிழமை கொண்டாங்க. எனக்கு ஒரு ஸ்டூல் வேணும், அவ்வளவுதான்" என்றான் ஓரின். பிறகு என்னைப் பார்த்தான். "உனக்கு இது நேத்தே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"பெயிண்ட் அடிச்சதும் நீதான?"

"நான்தான்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"உன் அக்கா செருப்பப் பாத்தியா?"

அவன் மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். முதல் பரிசு ரோலோவுக்குத்தான் போகும். பரிசு வாங்கின அவன் மூஞ்சியைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நாடீன் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒண்ணும் ஆகல பாத்தியா. காரும் முன்னைக்கு இப்பத்தான் நல்லா இருக்கு. ஒத்துக்கோ."

கதவைப் பார்த்தேன். பச்சையாக ஒரு கிழவன் அதிலிருந்து என்னை முறைத்தான். கார் என்றால் கார் தெரிய வேண்டும், இவன் எதற்கு? சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழிகளோடு இருந்தபோது ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லைதான். அதனால் என்ன?

"என்ன, சொல்லேன்" என்றாள்.

"இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, சாசேஜ் விற்கும் கூடாரத்தைப் பார்த்து நடந்தேன். முன்னால் இருந்ததுதான் நல்லா இருந்தது.