பாதி நிரப்பிய பேனாக்கள்

“மாமா, பிளேன்ல ஏறினா பேனாவுக்கும் காது அடைக்குமா?”

பாப்பாவின் மகன் பால்பற்கள் விழத் தொடங்கியிருந்த வயதில் கேட்ட கேள்வி இது. கேட்டது தாய்மாமனிடம். மாமா மருந்துக்கடை வைத்திருந்தவர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று மைப் பேனாக்கள் வரிசை கட்டி நிற்கும். மூன்றும் கழுத்தைத் திருகி மை ஊற்றுகிற பழைய ரகம். அவர் முதல்முறையாக விமானத்தில் போகக் கிளம்பிய சமயம் அது. கேள்வியைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பையனை மடிக்கு இழுத்து, மேலே போகப் போகப் பேனாவுக்குள் இருக்கும் காற்று உப்பும் என்றும், அதனால் மையை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும், அப்படி வைக்கக் கூடாது என்றும் நீளமாக விளக்கம் சொன்னார். பாப்பா பக்கத்தில் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதி காதில் விழுந்தது. மீதி ஆவியோடு போய்விட்டது.

அவளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சொந்தமாகச் சலவைக் கடை நடத்துகிறாள். ஆனாலும் அண்ணன் வாயிலிருந்து அவளுடைய பெயர் ஒருநாளும் வந்ததில்லை, பாப்பாதான். அவர் கூப்பிட்டதால் அண்ணிக்கும் பாப்பா, துணி போட வருகிறவர்களுக்கும் பாப்பாம்மா.

அந்த அண்ணன்தான் தொலைவில் ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடந்தார். நரம்பில் ஏதோ கோளாறு. கைகால்கள் வலுவிழந்து, மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். குழாய் இருக்கும்வரை குரல் வராது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டால் டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை.

அண்ணி போனில் அழுதாள்.

“ரெண்டு நாளா எதையோ சொல்லத் துடிக்கிறார் பாப்பா. வீட்டுப் பத்திரமான்னு கேட்டேன், இல்லைங்கிறார். கடைச் சாவியான்னு கேட்டேன், அதுவும் இல்ல. கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் வருது. நாளைக்கு உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் யாருக்குத் தெரியும்?”

நர்ஸ் பால்பாயிண்ட் பேனாவைக் கையில் கொடுத்துப் பார்த்தாளாம். அழுத்தினால்தானே அது எழுதும். அவர் விரல்களில் அழுத்த வலுவில்லை. ஸ்கெட்ச் பேனாவில் மொத்தை மொத்தையாகக் கோடுகள் விழுந்தனவே தவிர எழுத்து விழவில்லை. போனின் எழுத்துப் பலகையில் விரல் நடுங்கி எங்கெங்கோ போனது. கடைசியில் அவர் நெஞ்சின் இடது பக்கத்தைத் தட்டி, மூன்று விரல்களைக் குவித்து, காற்றில் பூப்போல இழுத்துக் காட்டியிருக்கிறார். அண்ணிக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவருடைய மைப் பேனாக்கள். காகிதத்தில் வைத்து நகர்த்தினாலே போதும், எழுதிவிடும். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது மூன்றும் வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டன.

விடிந்ததும் கிளம்புகிற விமானத்தில் பாப்பாவுக்கு இடம் கிடைத்தது. அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேனாக்களை எடுத்து வந்து, சுடுநீரில் கழுவி, மை ஊற்ற உட்கார்ந்தபோது மகனின் கேள்வி நினைவுக்கு வந்தது. அண்ணன் என்னவோ சொன்னாரே? நிறைய இருக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார். தளும்பத் தளும்ப இருந்தால் கொட்டத்தானே செய்யும்? ஒவ்வொரு பேனாவிலும் பாதிவரை மட்டும் ஊற்றினாள். மைப் புட்டியையும் எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். விமானத்தில் புட்டியைக் கண்டால் பிடுங்கிவிடுவார்கள் என்று விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வந்த வண்டிக்காரர் பயமுறுத்தியதால் அதை இஸ்திரி மேசையிலேயே விட்டுவிட்டாள்.

விமானம் மேலே ஏறிக் காது அடைத்த கொஞ்ச நேரத்தில் மடியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

பையைத் திறந்தாள். மூன்று பேனாக்களும் மூடியின் இடுக்கு வழியே கக்கிக்கொண்டிருந்தன. பையின் அடி நீலம், கைவிரல் நீலம், மடி நீலம். பதறி ஒரு பேனாவைத் தூக்கியவள் அதைப் பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளைச் சட்டைக் கைமடிப்பிலேயே உதறிவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். விமானம் குலுங்கியது. தூரத்தில் உட்கார்ந்திருந்த பணிப்பெண், ஆட்டம் நிற்கும்வரை யாரும் எழக் கூடாது என்று கையைக் காட்டினாள். கடையாக இருந்தால் குழாய் இருக்கும், வாளி இருக்கும், சோப்பு இருக்கும். இங்கே இடுப்பில் கட்டிய வாரும் கையில் ஒழுகும் பேனாக்களும்தான். அண்ணனுக்காக எடுத்துப் போகிற பேச்சு கண்ணெதிரே சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. அவளால் வாய்க்குள் கடவுளைக் கூப்பிட மட்டும்தான் முடிந்தது.

கடவுள் சில சமயம் பக்கத்து இருக்கையில் ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் நம்மைத் தவிக்க விடுகிறார். வெள்ளைச் சட்டைக்காரர் தன் கைமடிப்பை ஒரு தரம் பார்த்தார், அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பையிலிருந்து மடிப்புக் கலையாத பெரிய பருத்திக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“ஐயோ, வேண்டாங்கய்யா, வெள்ளைத் துணி. இந்தக் கறை போகாது,” என்றாள்.

“போகலைன்னா போகுது. மொதல்ல பிடிங்கம்மா.”

“உங்க சட்டையைப் பாழாக்கிட்டேன். அதைத் தேய்ச்சுடாதீங்க, வெந்நீரும் விடாதீங்க.”

“சம்பந்தி வீட்டுக்குச் சமாதானம் பேசப் போறேன். கறையோட போனா, பாவம் மனுஷன்னு சீக்கிரம் விட்டுடுவாங்க. நல்லதாப் போச்சு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. யாருக்காக, எதற்காக என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே தன் குடிதண்ணீர்ப் புட்டியையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கைக்குட்டையில் சுற்றிய பிறகும் பேனாக்கள் கசிந்தன. சொட்டுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சலவைக்காரியின் கைக்குத் தெரியாது. சொட்டினால் பிழிந்துவிட வேண்டும். முழுக்கப் பிழிந்தால்தான் சொட்டு நிற்கும். காலமெல்லாம் கை பழகிய நியாயம் அது. ஒவ்வொரு பேனாவாகக் கழுத்தைத் திருகி, கைக்குட்டையில் கவிழ்த்தாள். துணி மொத்த மையையும் குடித்துவிட்டது. கசிவும் நின்றது. கறை பட்ட துணியைக் காயவிட்டால் கறை ஊன்றிக்கொள்ளும் என்று அதன்மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறுக்க முடிச்சுப் போட்டாள். அப்பாடா என்று சாய்ந்துகொண்டாள்.

சக்கரம் தரையைத் தொட்டு உடம்பு குலுங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பேனாக்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால், மை எங்கே?

வெள்ளைச் சட்டைக்காரரிடம் விலாசம் கேட்டாள், துவைத்து அனுப்புவதாகச் சொன்னாள். “அது கிடக்கட்டும்மா. அண்ணன் எழுதினாரான்னுதான் எனக்கு நெனப்பா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்தோடு போய்விட்டார்.

வழியில் டாக்சியை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பாதிக் கடைகள் திறக்கவில்லை. திறந்திருந்த ஒரு கடைப் பெண், மை என்றதும் பிரிண்டருக்கா என்றாள்.

வார்டுக்குள் அவள் நுழைந்தபோது அண்ணனுக்குப் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள். தலைமாட்டில் அண்ணி, கையில் ஒரு வெள்ளைத்தாள் அட்டையோடு. உள்ளே கூட்டிப் போகிற தள்ளுவண்டி இனி எந்த நேரமும் வந்துவிடும். தங்கையைக் கண்டதும் அண்ணனின் கண்கள் அவள் கையிலிருந்த பேனாக்கள்மேல்தான் போயின. அவள் ஒன்றை அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். அவர் தாளில் வைத்து நகர்த்தினார். ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை நகர்த்தினார். காய்ந்த முனை கிறீச்சென்றது. அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

“மை கொட்டிடுச்சு அண்ணே,” என்றாள்.

அழுகையை மறைக்கக் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். கைக்குட்டையையாவது அலசுவோம் என்று உறையின் முடிச்சை அவிழ்த்துத் துணியை வெளியே எடுத்தாள். பிழியக் கை முறுக்கியதும் அவள் நின்றுவிட்டாள். முதல் பிழிசலில்தான் சாயம் கெட்டியாக இறங்கும். கடையில் எத்தனை வெள்ளைத் துணிகளை அந்த முதல் பிழிசல் கெடுத்திருக்கிறது! எத்தனை தரம் அதைத் திட்டியிருப்பாள்! மருந்து கொடுக்கிற சிறு பிளாஸ்டிக் குப்பி ஒன்று தொட்டியோரம் இருந்தது. தண்ணீரே விடாமல், கைக்குட்டையை அதற்குமேல் பிடித்து, பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள். கருநீலமாக ஒரு விரல்கடை இறங்கியது.

குப்பியில் முனையைத் தோய்த்துக் கொடுத்தாள். அண்ணன் நகர்த்தினார். தாளில் நீலக் கோடு ஓடியது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனின் தோள்கள் லேசாகக் குலுங்கின; சிரிக்கிறார். அவர் முதலில் எழுதியது: “பாதி ரொப்பினியா? ஒண்ணு முழுசா, இல்லேன்னா காலி. அன்னிக்கே சொன்னேனே.”

“இப்ப இதுதான் முக்கியமா?” என்று அண்ணி அதட்டினாள். “சொல்ல வந்ததைச் சொல்லுங்க.”

பாப்பா தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தாள். இரண்டு சொல்லுக்கு ஒரு தோய்ப்பு. எழுத்துகள் சரிந்து சரிந்து விழுந்தன. “பக்கத்துக் கட்டில் பிளாஸ்க். நான் தண்ணிக்குக் கை நீட்டித் தட்டிவிட்டேன். தட்டினது ஆயா இல்லை. அவளைத் திட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.”

அவ்வளவுதான். பத்திரமும் இல்லை, சாவியும் இல்லை. அண்ணி தலையிலடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். இரண்டு நாள் முன்பு பக்கத்துக் கட்டில் பெரியவரின் வெந்நீர்ப் பிளாஸ்க் விழுந்து நொறுங்கி, வார்டு முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அப்போது அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு நடுவயது ஆயா. அவள்தான் தட்டிவிட்டாள் என்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். அவள் இல்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தலைமை நர்ஸ் அவளை வார்டிலிருந்து எடுத்துக் கீழே சலவை அறைக்கு அனுப்பிவிட்டாள். மெஷின் வேறு பழுது, கையால் துவைக்க வேண்டுமாம்.

பாப்பா தாளை எடுத்துப் போய்த் தலைமை நர்ஸிடமும் பெரியவரிடமும் காட்டினாள். பெரியவர் படித்துவிட்டு, நான்தான் அதிகம் கத்தினேன் என்று மட்டும் சொன்னார். அண்ணி புதுப் பிளாஸ்க் வாங்கித் தருவதாகச் சொன்னாள். தலைமை நர்ஸ் முகம் சுருங்க, ஆயாவை நாளையிலிருந்து வார்டுக்கே மாற்றிவிடுவதாகவும் இன்றைக்கு வேலை பிரித்தாகிவிட்டது என்றும் சொன்னாள். பாப்பா திரும்பி வந்து அண்ணனின் காதருகே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி வந்தது. விரலில் இருந்த நீலத்தைத் துடைக்கக்கூட நேரமில்லை. அப்படியே உள்ளே போனார்.

கதவு மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து ஜபிக்கத் தொடங்கினாள். பாப்பாவும் கண்ணை மூடிப் பார்த்தாள். கடவுளிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அண்ணனைக் கொடு என்று கேட்க வாய் வந்தது. ஆனால் கீழே ஒருத்தி இன்னமும் அண்ணனுக்குப் பதிலாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆயாவைப் பார்த்து நேரில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினாள்.

சலவை அறையில் யாருமில்லை. ஆயா சாப்பிடப் போயிருக்க வேண்டும். பழுதான மெஷின் வாயைத் திறந்தபடி நின்றது. சிமெண்டுத் தொட்டியில் படுக்கை விரிப்புகள் சோப்பு நுரையில் ஊறிக் கிடந்தன. ஊறவைத்தது ஊறவைத்தபடியே, இடுப்பு உயரத்துக்கு.

பாப்பா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கறை இருந்த இடங்களைக் கல்லில் வைத்துக் கும்மினாள். தண்ணீர் தெளியும்வரை அலசினாள். ஒரு முனையைக் குழாயில் சுற்றி மறுமுனையை முறுக்கிப் பிழிந்தாள். ஒவ்வொரு விரிப்பையும் உதறி, பின்கட்டுக் கொடியில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். வேலை செய்யும்போது அவள் அழவில்லை, வேண்டிக்கொள்ளவும் இல்லை. தொட்டி காலியானதும் அதையும் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பாப்பா பின்வாசல் வழியாக வெளியேறி, காற்றில் உப்பி நின்ற விரிப்புகளுக்கு நடுவே குனிந்து நடந்து, வேறு படிக்கட்டு வழியாக அண்ணியிடம் போய்ச் சேர்ந்தாள்.