இந்த மாதத்தின் சிறந்த கார்டு

எனக்கு வயது நாற்பத்தொன்று. தலையில் பச்சை ஹெல்மெட். எங்கள் எண்ணெய் வயலில் முதல் ஆறு மாதம் புது ஆள் பச்சைதான் போட வேண்டும். ‘இவனை நம்பி எதையும் கொடுக்காதே’ என்பதுதான் அதற்கு அர்த்தம். பதினெட்டு வருடம் பெய்னெவு ஊர்ப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன், பிள்ளைகள் குறைந்து வகுப்புகளை ஒன்றாக்கியபோது வெளியே வந்தேன். என் பழைய மாணவர்கள் அதிகாரிகளின் வெள்ளை ஹெல்மெட்டில் நடமாடும் இடத்தில் நான் குழாய்க்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.

வேலை வாங்கிக்கொடுத்தவர் என் சகலை பெர்திபெக். என் மனைவி ராய்ஹானுக்கு அக்கா குல்ஸிம், அவளுடைய கணவர். இருபத்திரண்டு வருடமாக எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் இருக்கிறார். புது ஆளுக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் முதலில் செய்யும் தப்பு அந்தக் கையெழுத்துக்காரர் தலையில்தான் விடியும். தெரிந்துதான் போட்டார்.

அதற்காக நான் ஒரு நன்றி சொன்னதில்லை. எங்கள் பக்கம் சகலைகள் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை பேசினால் உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். கிண்டல்தான் எங்கள் பாஷை.

“யோவ் சகலை, குழாயை என்ன முறைச்சுப் பாக்குறே? பரீட்சையில ஃபெயிலா?” என்பார்.

“பாஸ்தான். உங்களைவிட நல்ல மார்க்கு” என்பேன். ரிக் மேடையே சிரிக்கும். குழாயை ஏற்றி இறக்கும் விசையை இயக்கும் ஷமில் மட்டும் சிரிக்கமாட்டான். அவன் கண் எப்போதும் மேலே, தொங்கும் குழாயில் இருக்கும்.

மேடை நடுவில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெரிய கட்டம் உண்டு. குழாய் மேலே ஏறும்போது கட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது. வைத்தால் கேட் பாஸ் போய்விடும். அப்புறம் இந்த வட்டாரத்தில் எந்த ரிக்கும் அந்த ஆளைச் சேர்க்காது.

இன்னொரு விதியும் உண்டு. வாரம் ஒரு பாதுகாப்பு கார்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யார், எங்கே, என்ன செய்தார் என்று எழுதி, கீழே ‘நல்ல செயல்’, ‘ஆபத்தான செயல்’ என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஒருவன் எழுதாவிட்டாலும் குழுவுக்கே கெட்ட பெயர்.

“மண்டையைப் போட்டு உடைச்சுக்காதே. படிக்கட்டுல ஒருத்தர் கைப்பிடியைப் பிடிக்கலைன்னு எழுது. நாங்க பல வருஷமா அதைத்தான் எழுதுறோம்” என்றார் பெர்திபெக்.

“யாரு அந்த ஒருத்தர்?”

“யாருக்குத் தெரியும்? பாவம், இன்னும் பிடிக்காமத்தான் இறங்கிட்டிருக்கான்.”

காப்பியடித்த பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிறுத்தியவன் நான். இருந்தாலும் மூன்று வாரம் கைப்பிடியையே எழுதினேன். எழுதும்போதெல்லாம் கூசியது.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை. வறண்ட புல்வெளியிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு காற்று அடித்தது. நான் கழற்றி வைத்த கையுறை பறந்து சிவப்புக் கட்டத்துக்குள் விழுந்தது. கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பது வாத்தியார் புத்தி. இரண்டடி உள்ளே போய்விட்டேன். காதில் அடைப்பான், மேலே ஏறும் குழாயின் சத்தம் கேட்கவில்லை. யாரோ இடுப்பில் மோதி என்னை வெளியே தள்ளினார்கள். நான் நின்ற இடத்தைக் குழாயின் அடிமுனை அப்போது கடந்துபோனது.

என் மேலே கிடந்தவர் பெர்திபெக். முகம் வெளுத்திருந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்.

“கையுறை நல்ல விலையோ? உன் பொண்டாட்டிகிட்ட நான் என்ன சொல்றது, கிரீஸோட சேத்து வழிச்சு அனுப்பியிருக்கேன்னா?”

சாப்பாட்டு அறையில் குதிரைக்கறியை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தபோது, “அந்தப் பௌர்சாக் ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு, வளவளன்னு பேசாதே” என்றார்.

வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அன்று மாலையே கார்டை எடுத்தேன். இடம், நேரம், காற்றின் திசை, நான் எத்தனை அடி உள்ளே இருந்தேன், பெர்திபெக் எந்த மூலையிலிருந்து ஓடிவந்தார், ஒரு நொடிகூடத் தன் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை என்பது வரை எழுதினேன். ‘நல்ல செயல்’ கட்டத்தில் அழுத்தி டிக் போட்டேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரி ஜிபெக் கூப்பிட்டனுப்பினாள். என் மாணவி. ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சு.

“சார், உக்காருங்க” என்றாள். என் கார்டு மேசைமேல் இருந்தது. “இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்ல. அதான் பிரச்சினையே. குழாய் ஏறும்போது பெர்திபெக் அண்ணன் கட்டத்துக்குள்ள போயிருக்காரு.”

“என்னைக் காப்பாத்தத்தான்மா போனாரு! அதுக்குத்தான் எழுதினேன்.”

“அவர் வெளியில நின்னே கத்தி, நிறுத்தச் சொல்லியிருக்கணும்.”

“காத்து அடிச்சுது. என் காதுல அடைப்பான்.”

“அதுக்கு ஃபாரத்துல எடம் இல்ல சார்.”

“அப்ப நான் எழுதினது பொய். கிழிச்சுப் போடு.”

அவள் கண் கலங்கிவிட்டது. “பதிவாயிடுச்சு சார். காலையிலேயே கேமராவையும் பாத்துட்டாங்க. இப்போ பொய்னு சொன்னா உங்க பாஸும் போயிடும். நீங்க உள்ளே போனது பச்சை ஹெல்மெட் தப்பு, உங்களுக்கு மன்னிப்பு உண்டு. அதையும் அவர் பேர்லதான் எழுதுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

கெஞ்சினேன். என் மாணவி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் பெர்திபெக் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

“மேல போய்ச் சொல்றேன் சகலை. கார்டு பொய், என்னையும் அனுப்புங்கன்னு சொல்றேன்.”

“சொல்லி? ரெண்டு வீட்டுலயும் அடுப்பை அணைச்சுட்டு ஒண்ணா உக்காந்து சீட்டாடலாமா?” மூட்டையின் கயிற்றை இறுக்கினார். “நீ எழுதினதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. அப்புறம் நான் உன்னை எப்படித் திட்டுறது, சொல்லு? கைப்பிடின்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது, சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து ஒரு கை உலர்ந்த உப்புத் தயிர் உருண்டைகளை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். “மேடையில வாய் காயும்” என்றார். இருபத்திரண்டு வருடத்து ஹெல்மெட்டைக் கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு பஸ் ஏறினார்.

சாயங்காலம் ராய்ஹான் போனில் அழுதாள். “அக்கா என்கிட்டப் பேச மாட்டேங்குறா. மாமாவைப் பத்தி என்னத்தை எழுதித் தொலைச்சீங்க?”

“நல்லதுதான் எழுதினேன்” என்றேன். சொல்லும்போதே எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் பெயரை வாசித்தார்கள். இந்த மாதத்தின் சிறந்த கார்டு. மேலாளர் கைகுலுக்கி ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார். “எல்லாரும் இவரை மாதிரி எழுதணும்” என்றார். யாரும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்தபோது என்னைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுப் போனார்கள். அதுவரை என்னை ‘வாத்தியாரே’ என்று தோளில் தட்டியவர்கள்.

திங்கட்கிழமை மறுபடி அதே காற்று. நான் கட்டத்துக்கு வெளியேதான் நின்றேன், விதிப்படி. ஆனால் ஏறிக்கொண்டிருந்த குழாயை ஆடாமல் பிடிக்கும் இழுகயிறு நழுவியது. அடிமுனை கோட்டைத் தாண்டி என்னை நோக்கி வீசி வந்தது. முதுகுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு. நகர இடமில்லை.

கைக்கெட்டும் தூரத்தில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் கைகளைத் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்து, ‘நிறுத்து’ என்று கத்தினார்கள். ஷமில் விசையை இழுத்தான். குழாய் என் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் வந்து, தயங்கி, திரும்பிப் போனது. மூன்று பேரில் ஒருவரும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

யார்மேலும் தப்பில்லை. விதியில் உள்ளதை அப்படியே செய்தார்கள்.

தடுப்பில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர்களில் ஜோலான் என்பவன் கிட்டே வந்து, குனியாமல் கேட்டான்.

“சரியா நின்னோமா வாத்தியாரே? எழுதிக்கோங்க.”

அந்த வாரக் கார்டில் எழுதினேன்: ‘படிக்கட்டில் ஒருவர் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.’