எடை ஏறிய லதுஷா

மகள் லதுஷா பதுளை ஆஸ்பத்திரியில் இறந்து மூன்றாம் மாதம், லீலாதேவியின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: "லதுஷா. எடை 8 கிலோ 400. வளர்ச்சி நன்று."

பதினொரு மாதத்தில் போன பிள்ளை. கடைசியாக நிறுத்தபோது 8 கிலோ 100.

அடுத்த மாதம் 8 கிலோ 600. பிறகு 8 கிலோ 700. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாதத்தின் இரண்டாம் புதன், தேயிலைக் கொழுந்து மலையில் நிற்கையில் இடுப்பில் போன் அதிரும். யாரோ அவள் பிள்ளையைத் தராசில் தூக்கி வைக்கிறார்கள். முதுகு சில்லிட்டாலும் அடுத்த புதனுக்குக் காத்திருப்பாள்.

ஆறாம் மாதம் வந்தது: "எடை 8 கிலோ 200. குறைந்துள்ளது. உடனே வரவும்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு தோட்டத்துக் கிளினிக்குக்கு ஓடினாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளார்க் நிவேதிகா கம்பியூட்டரைப் பார்த்தாள். "லதுஷா, மூண்டாம் லயம், ஆறாம் காம்பரா. இண்டைக்குத்தானே நிறுத்தது?"

"எம் புள்ள செத்துப் போச்சுங்க."

நிவேதிகாவின் கை நின்றது. "பதுளையில மரணம் எழுதினது இஞ்ச வாறேல்லை அம்மா."

சுவரோரம் மெலிந்த குழந்தையுடன் துஷாந்தினி இருந்தாள். லீலாதேவி காலி செய்த ஆறாம் காம்பரா அறைக்குக் குடிவந்தவள். கிளினிக்கின் பழைய நோட்டுக் கொப்பியில் பிள்ளைகளைக் காம்பரா நம்பரில்தான் எழுதினார்கள். கம்பியூட்டருக்கும் அப்படியே ஏற்றினார்கள். "ஆறாம் காம்பரா" என்று கூப்பிட்டதும் துஷாந்தினி எழுந்து போவாள். அவளிடம் போனும் இல்லை; பதிவில் இருந்தது லதுஷாவின் பெயரும் லீலாதேவியின் நம்பரும்தான்.

"இதில சின்னமுத்துத் தடுப்பூசி போட்டாச்சு எண்டு கிடக்கு."

"அது லதுஷாவுக்குப் போட்டதுங்க" என்றாள் லீலாதேவி.

துஷாந்தினி எழுந்தாள். "அப்ப எங்க பாப்பாவுக்கு? போட்டாச்சுன்னு திருப்பி அனுப்பிட்டீங்களே. பக்கத்துத் தோட்டத்துல சின்னமுத்து வந்திருக்காமே."

"வேற பதிவு போடுறன். ஆனா ஒரே காம்பரா எண்டதால முதல்ல லதுஷாவின்ர பதிவ மூடோணும்." நிவேதிகா குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை தவறின திகதி கேக்குது, அம்மா."

திரையில் வளர்ச்சிக்கோடு அந்தத் திகதியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் அடுத்த புதனும் போன் அதிரும். துஷாந்தினியின் குழந்தை லீலாதேவியையே பார்த்தது.

லீலாதேவி திகதியைச் சொன்னாள்.

இடுப்பில் போன் அதிர்ந்தது. "லதுஷா. பதிவு மூடப்பட்டது."

"யாருங்கக்கா போன்ல?" என்றாள் துஷாந்தினி.

"யாருமில்ல. பாப்பாவக் குடு, ஊசி போடுறப்ப நான் புடிச்சுக்கிறேன்."

முன்பு ஒருமுறைகூட அவள் தூக்காத குழந்தை. ஆனால் அந்தக் கனம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது.