கடைசிப் பிடி

மல்யுத்தக் காட்சியில் நடுவருக்குப் பயம் வர நியாயமே இல்லை. யார் ஜெயிப்பார்கள், எந்த அடியில் ஆட்டம் முடியும் என்பதெல்லாம் மத்தியானமே பேசி முடிவாகிவிடும். அப்படியும் அன்று கோடு போட்ட சட்டைக்குப் பொத்தான் போட எனக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. காரணம், என் தங்கை வீட்டுக்காரர்.

மாப்பிள்ளைக்குத் தோற்பதுதான் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை. நன்றாகத் தோற்கத் தெரிந்த ஒருவன் எதிரில் இல்லாவிட்டால் ஜெயிப்பவன் வெறும் சதைதான். 'மலை' என்று நாங்கள் கூப்பிடும் சாம்பியன் மலையாகத் தெரிந்ததே இவர் விழுகிற அழகில்தான். அப்படிப்பட்டவர் மத்தியானம் என்னைப் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், கழுத்தில் கரண்ட் அடித்த மாதிரி ஒரு இழுப்பு வருகிறது, வந்ததும் வலது கை தோளோடு மரத்துப்போகிறது என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். கொஞ்ச நாளாக என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார். ரொம்ப நாளாக என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் கடைசிப் பிடி என்றால் உண்மையிலேயே பிடிதான். பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மயங்கினவன் கையை நடுவர் தூக்கி விடுவார். மூன்று தடவையும் தொப்பென்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கூட்டம் மூச்சு விடாமல் பார்க்கும். பிறகு எவனோ ஒரு புண்ணியவான் மூன்றாவது தடவை கையை விழாமல் நிறுத்திக் காட்டினான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்றோடு அந்தப் பிடி செத்தது. அப்புறம் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடிப்பது வந்தது. அதிலிருந்தும் ஒருவன் எழுந்தான். தலைகீழாகப் பிடித்து இறக்குவது வந்தது. அதிலும் எழுந்தார்கள். எழுந்தால்தான் கைதட்டல் என்றால் எவன் படுத்துக் கிடப்பான்? ஒவ்வொருவன் எழும்போதும் அடுத்த அடி இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. பழைய கழுத்துப் பிடி, ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சாக்காகிவிட்டது. கை இரண்டு தடவை விழும், மூன்றாவது தடவை நிற்கும். இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

அன்றைக்குக் காட்சி நடத்தும் முதலாளி புதிதாக ஒரு கடைசி அடி வைத்திருந்தார். மேடையின் மூலைக் கம்பத்து உச்சியில் மலை ஏறி நின்று, மாப்பிள்ளையைத் தலைகீழாக இடுப்போடு கட்டிக்கொண்டு, அங்கிருந்து கீழே குதித்து உட்கார வேண்டும். கேட்டால் கழுத்து முறிகிற வேலை மாதிரித் தோன்றும். ஆனால் இதில் பாதி வேலை தோற்பவனுடையது. அவன் இரண்டு கையாலும் மற்றவன் தொடையை இறுக்கிப் பிடித்துத் தன் உடம்பை மேலே இழுத்துக்கொண்டால் தலை தரையில் படாது. ஒரு கைதான் இருக்கிறது என்றால் உடம்பு நழுவும். நழுவினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றேன். மாப்பிள்ளை இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போஸ்டர்ல முதல் தடவையா என் மூஞ்சி வந்திருக்கு மச்சான். கெடுத்துடாதீங்க."

பிறகு ஒரு உதவி கேட்டார். நடுவில் கழுத்துப் பிடி வரும்போது வலது கையைத் தூக்க வேண்டாம், அது நிற்காது, இடது கையைத் தூக்குங்கள் என்றார். சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

மணி அடித்தது. வந்த கூட்டம் முழுக்க அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மலை இவரைத் தூக்கி ஒரு அடி அடித்தான். ஒரு காலத்தில் ஆட்டத்தையே முடித்த அடி. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நான் கீழே கிடந்தவரைப் பார்த்தேன். வலது கை அவருடையது இல்லாத மாதிரி விரிப்பின் மேல் கிடந்தது. எண்ணுவது போலக் குனிந்து, கை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று உதடு அசைந்தது.

"போதும் மாப்ளே, விட்டுரு," என்றேன். தங்கையைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவரை நீங்க, வாங்க என்றுதான் சொல்வேன். பயத்தில், அதற்கு முன்னால் நண்பர்களாக இருந்த காலத்துப் பழக்கம் வந்துவிட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்று.

மலை கழுத்துப் பிடியைப் போட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்தது கம்பம்தானே என்று என் காதில் கேட்டான். கண் முன்னால் தங்கை முகம் வந்தது. நாளைக்கு எந்த வாயால் அவளிடம் சொல்வேன் என்று நினைத்ததும் என் கால் என்னைக் கேட்காமலே மாப்பிள்ளையின் வலது பக்கம் போய் மண்டியிட்டது.

வலது கையைத் தூக்கி விட்டேன். விழுந்தது. மறுபடி தூக்கினேன். ஈரத் துணி மாதிரி விழுந்தது. மாப்பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மச்சான், இந்தக் கை இல்ல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. இடது கையை அவர் தூக்குவதற்குள் மூன்றாவது தடவையும் வலதைத் தூக்கி விட்டேன். விழுந்தது. மணியடிப்பவரைப் பார்த்துக் கையை வீசினேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அடி என்று கத்தினேன்.

என்ன நடந்தது என்று புரியக் கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு காகிதக் கோப்பைகள் பறந்து வந்தன. யாரும் தோற்காத பிடியில் ஒருவன் தோற்றுவிட்டான். ஏமாற்று, மோசடி என்று கத்தினார்கள். ஒரு கோப்பை என் காதில் பட்டது. எனக்கு வலிக்கவில்லை, மாப்பிள்ளை தன் காலில் நடந்து இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடை மாற்றும் அறைக்கு முதலாளி வந்தபோது இன்றோடு நம் பிழைப்பு போயிற்று என்றுதான் நினைத்தேன். அவரோ கதவைத் திறந்து வைத்து, வெளியே நடக்கும் கலாட்டாவைக் காது குளிரக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு கோபப்படுகிற கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை, அத்தனை பேரும் அடுத்த வாரம் திரும்பி வருவார்கள் என்றார். வந்தவர்களுக்குக் கம்பம் போதாது, ஏணி போட்டு அதன் உச்சியிலிருந்து செய்யலாம், அதே ஆள், அதே அடி, வேறு நடுவர் என்றார். மாப்பிள்ளையிடம், என்ன, சரிதானே என்று கேட்டார். மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு சரி என்றார். மலை தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். காப்பாற்றுகிறேன் என்று போய் அந்த உயரத்தை நானே கூட்டிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகும் மாப்பிள்ளை பெஞ்சிலேயே இருந்தார். என்னைக் கிழிகிழி என்று கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்குப் பயமா இருக்கு மச்சான். முதலாளியைப் பார்த்ததும் சரிங்கிறதுதான் வாயில வருது. நீங்க போய்ச் சொல்லிடுங்க."

அந்தக் கட்டடத்தில் வலி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், களைப்பு என்று கேட்டிருக்கிறேன். இந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் தோளில் கை வைத்தேன்.

முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ ஏணியின் உயரம் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்காமல் பேசினேன்.

"மாப்பிள்ளை இனிமே ஆட மாட்டார்."

அவர் போனைக் கையால் பொத்தினார். "ஏன், என்ன ஆச்சு?"

"பயம்."

"யாருக்கு?"

"அவருக்கு. எனக்கும்."

அவர் ஏணிப் பேச்சை விட்டுப் போனைக் கீழே வைக்கும் வரை அங்கேயே நின்றேன்.