வாசலில் இல்லாத செருப்பு

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காலிப் பெட்டிக்குள் பெருக்கப் போகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் தொடக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக அங்கே பெருக்கும் உதயாவுக்கு அந்த ரப்பர் செருப்புதான் காவல்.

அதைக் கெடுக்க வந்தது ஒரு சிலந்தி. எந்த நாட்டுப் பெட்டியில் ஏறி வந்ததோ, வலை கட்டாத ஜென்மம், தரையிலேயே ஓடி இரை பிடிக்கிறது. ஆறே மாதத்தில் யார்டு முழுக்கக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. கடித்தால் கால் வீங்குகிறது. ஆபீஸ்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்து இரண்டு உத்தரவு போட்டார்கள்: காலிப் பெட்டிகளுக்கு மருந்துப் புகை அடிக்க வேண்டும், யாரும் வெறுங்காலோடு உள்ளே போகக் கூடாது. வாசலில் கிடக்கும் செருப்பைப் பற்றி எந்த மகராசனும் யோசிக்கவில்லை.

அன்று உதயா சொன்னபடி கேட்டாள். செருப்போடு உள்ளே போய், கோடி மூலையில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் கம்பிகள் இறங்கின. உள்ளிருந்து திறக்க வழியில்லை. கத்தினாள். வெளியே கிரேன் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பக்கச் சுவரின் உச்சியில் நான்கு காற்றுத் துளைகள் வெளிச்சப் பொட்டுகளாகத் தெரிந்தன. ஒன்று அணைந்தது. புகை அடிக்கும் சௌக்கத் அலி வெளியே துளைகளை அடைக்க டேப் ஒட்டுகிறார் என்று உதயாவுக்குப் புரிந்தது. நாலும் அடைபட்டால் அடுத்து மருந்துதான். வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. மகள் கீர்த்தி பள்ளி விட்டு வந்து பூட்டின கதவுக்கு முன்னால் நிற்பாள்.

இரண்டாவது பொட்டு அணைந்தது. மூன்றாவதும். இனி அவர் கை நாலாவதுக்குத்தான் வரும். துடைப்பக் கட்டையை ஓங்கிக்கொண்டு அதன் கீழே காத்திருந்தாள். அது இருண்டதும், அதிர்வு அவர் கைக்குத் தெரியும்படி அந்த இடத்திலேயே இடித்தாள், இடித்துக்கொண்டே இருந்தாள்.

டேப் உரியும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் அவளுக்கு முன்னால் வெளியே ஓடியது ஒரு சிலந்தி. மிதிக்க மனம் வரவில்லை. அதுவும் எங்கோ யாரோ பார்க்காமல் சாத்திய கதவுக்குள் மாட்டிக்கொண்டு வந்ததுதானே.

சௌக்கத் அலி வாசலைப் பார்த்தார். "செருப்பு வெளிய இல்லியேம்மா. ஆளு இல்லன்னு சாத்திட்டேன்."

"கால்ல கீது பாய்," என்றாள் உதயா. "மாட்டிகினு போன்னு சொன்னாங்கோ."

மறுநாள் காலை செருப்பை வாசலில் கழற்றி, வழியில் போகிறவர் கண்ணில் படும்படி நடுவில் வைத்தாள். உள்ளே தரையில் இரண்டு சிலந்திகள் ஓடின. பயமாகத்தான் இருந்தது. வெறுங்காலை எடுத்து உள்ளே வைத்தாள்.