பிஸ்கோத்து அடுக்கு

வெண்ணெய் டின்னை யாரும் திறக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் ஜிசேலுக்குத் திக்கென்றது. பலகாரமோ வெந்து, ஆறி, துண்டு போட்டாகிவிட்டது: அடியில் வெண்ணெய் போட்டுப் பிசைய வேண்டிய பிஸ்கோத்துப் பொடி, மேலே தேங்காய்ப்பூ, வேர்க்கடலை, சாக்லேட், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தக் கட்டிப்பால். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெய்த்தூன் பீவி மகளின் நிச்சயத்துக்குப் போக வேண்டிய தட்டு.

"மாரி-ரோஸ்! பிஸ்கோத்தை எதுல பிசைஞ்ச?"

நாத்தனார் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "ஜாடியில இருந்த பன்னிக் கொழுப்புலதான் அண்ணி. டெட் புது வருஷச் சண்டைக்கப்புறம் சைகோன்ல வெண்ணெய் எங்க கிடைக்குது? நமக்கு ரொட்டிக்கு வேணாமா?"

ஜிசேல் ஜாடியை எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! அவங்க வீட்டுக்குப் போற பலகாரத்துலயா?"

"வெந்தப்புறம் யாருக்குத் தெரியும்? நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா சரி."

வாயை மூடிக்கொண்டு இருப்பதாம்! பென்-தான் என்கிற சந்தைக்குப் பின்னால் இந்தச் சந்துக்குக் குடிவந்த பன்னிரண்டு வருஷத்தில், ஜெய்த்தூன் பீவி வேறெந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. "ஜிசேல் வீடுன்னா கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுவேன்" என்று சைகோனில் இருக்கிற காரைக்கால்காரர் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிற மனுஷி. அந்த நம்பிக்கையைக் காலில் போட்டு மிதித்துவிட்டு இவள் நகத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! ஜிசேல் தட்டைத் தூக்கி அப்படியே குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். பளாரென்று ஒன்று விடக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

நிச்சய வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கொல்லைப்புறமாகப் போய் ஜெய்த்தூன் பீவியைத் தனியே கூப்பிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எல்லாத்தையும் கொட்டிட்டேன் லாத்தா. ஒரு துண்டுகூட வெளிய போகல. என்னை மன்னிச்சிடுங்க."

ஜெய்த்தூன் பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாஹ் காப்பாத்தினான். மறைக்காம வந்து சொன்னியே, அது போதும்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் ஜிசேல், நோன்புப் பெருநாளைக்கு அனுப்பினியே, அதுக்கு பிஸ்கோத்து பிசைஞ்சது யாரு?"

ஜிசேல் நினைத்துப் பார்த்தாள். அதுவும் மாரி-ரோஸ் கைதான். அதற்கு முந்தின வருஷத்துத் தட்டும்.

"சொல்லு. அதுல என்ன போட்டா?"

"தெரியல லாத்தா."

ஜெய்த்தூன் பீவி கையை உதறினாள். முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். "எம் புள்ளைங்க கேட்டுக் கேட்டுத் தின்னுச்சுங்களேடி" என்றாள். "போ. போயிடு!"

ஜிசேலின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.