வேப்பிலை கட்டிய கதவு

லாரிக் கண்ணாடியை அவசர அவசரமாக ஏற்றினான் மாயாண்டி. கைப்பிடி பாதியில் சிக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கண்ணாடி மேலே போய் முட்டவும், தண்ணீர்ச் செம்போடு அவன் மனைவி நவமணி கதவை எட்டவும் சரியாக இருந்தது.

"கிட்ட வராத. வீட்டுக்குள்ள போ."

அவளுக்குக் கேட்கவில்லை. எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைத் தட்டினாள். இவருக்கு என்ன ஆயிற்று என்கிற சிரிப்பு அவள் முகத்தில்.

பாகான் டத்தோவில் தேங்காய் லோடு ஏற்றியபோதே உடம்பு கொதித்தது. கம்பார் தாண்டி ஒரு கடையோரம் லாரியை நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். நெஞ்சு முழுக்கத் தண்ணீர் கோத்த கொப்புளங்கள். அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. வந்திருப்பது அம்மை. நவமணிக்கு இதுவரை அம்மை வந்ததில்லை. அவள் பக்கமே போகக்கூடாது. தூரத்தில் நின்று ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் வீடு வரைக்கும் வந்தான். என்ன சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசித்தும் கிடைக்கவில்லை.

மறுபக்கத்துக் கதவு திறந்தது. நவமணியின் அண்ணன் பழனியப்பன் ஏறி உட்கார்ந்தான். தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகக் காலையில்தான் சிலிம் ரிவரிலிருந்து வந்திருந்தான். மாயாண்டியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சட்டையை விலக்கிப் பார்த்தான்.

"சூட்டுக் கொப்புளம் மாப்ள. எஞ்சினுக்குப் பக்கத்துல உக்காந்து உக்காந்து வெந்து போயிருக்க."

"அம்மை மாதிரி இருக்கு மச்சான். உன் தங்கச்சிய உள்ள போகச் சொல்லு."

"அம்மையா? உனக்கு எத்தன வாட்டி லா வரும்? அதுக்கு வேற வீடே தெரியாதா?"

பழனியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பதில் தப்பில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. அம்மை ஒரு தடவை வந்து போன உடம்பில் மறுபடி வராது. அதனால்தான் ஒரு வீட்டில் அம்மை கண்டால், ஏற்கெனவே வந்தவர் யார் என்று தேடிப்பிடித்து உள்ளே அனுப்புவார்கள். ஈப்போவுக்குக் குடிவந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு பக்கத்து வீட்டுக் கத்தரின் அக்காவின் மகள் பெட்ரீசியாவுக்கு அம்மை போட்டது. அக்காவின் கணவருக்குத் தைப்பிங்கில் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பிள்ளையைக் காரில் தூக்கி வைக்க ஆளில்லை. "எங்க வீட்டுக்காரருக்குத்தான் வந்தாச்சே" என்று நவமணி பெருமையாகச் சொல்லி அவனை அனுப்பி வைத்தாள். போகமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கொதிக்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூக்கிப் போனான். அதுதான் இப்போது நெஞ்சில் பூத்திருக்கிறது.

பழனியப்பன் குனிந்து எஞ்சினை அணைத்தான். சாவியைத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"காய்ச்சலோட வண்டி ஓட்டாத. வா, முக்குல இருக்கிற டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துருவோம். அப்புறம் அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

நவமணி எட்டிப் பிடிப்பதற்குள் மாயாண்டி மறுபக்கமாக இறங்கி நடந்தான். கிட்டத்தட்ட ஓடினான்.

நடக்கும்போது பழனியப்பன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். அந்தக் கை பட்டாலே மாயாண்டிக்கு உடம்பு கூசும். இன்று நேற்றல்ல, எழுபத்தைந்தாம் வருடத்திலிருந்தே அப்படித்தான்.

அப்போது இருவரும் சிலிம் ரிவர் பக்கம் ஒரே தோட்டத்தில் இருந்தார்கள். மாயாண்டிக்கு, ரப்பர்ப் பாலைச் சேர்த்து உறையவைக்கும் பால் ஸ்டோரில் வேலை. புகைவீட்டில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள் கட்டுக்கட்டாகக் காணாமல் போயின. பழி பழனியப்பன் மேல் விழுந்தது. உண்மையில் ஷீட்டைக் கடத்தியது, தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகன். அதைக் கண்ணால் கண்டவன் மாயாண்டி ஒருவன்தான். கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று பழனியப்பனின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

வழக்கு நடந்த அன்று காலை, மாயாண்டியின் தொழிலாளர் லயத்து வீட்டுக் கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் அம்மை வராதவர் யாரும் கால் வைக்க மாட்டார்கள். பார்த்துக்கொள்ள வந்தவரையும் மாயாண்டி உள்ளிருந்தே திருப்பி அனுப்பினான். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கூப்பிட வந்த போலீஸ்காரரும் வாசலோடு திரும்பினார். சாட்சி இல்லாத வழக்கில் பழனியப்பன் ஆறு மாதம் உள்ளே போனான்.

வெளியே வந்தவன் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே மாயாண்டியைத் தேடி வந்தான். நெற்றியோரத்தில் பள்ளம் பள்ளமாகக் கிடந்த தழும்புகளைப் பார்த்துக் கண் கலங்கினான். "உடம்பு தேறிருச்சா? உள்ள இருந்தப்ப உன் நெனப்புதான்" என்று கேட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அடித்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு வருடம் கழித்து, நவமணியை உனக்குத்தான் கொடுப்பேன் என்று அவனே வந்து நின்றபோது மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தான். வெட்கப்படுகிறான் மாப்பிள்ளை என்று எல்லாரும் கேலி செய்தார்கள்.

டாக்டர் லியோனார்ட் கொப்புளங்களை விளக்கு வைத்துப் பார்த்தார். முதுகைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார். வயதானவர், நிதானமாகத் தமிழ் பேசுகிறவர். சில கொப்புளம் புதிது, சில பழுத்தது, எல்லாம் கலந்து கிடப்பதால் பார்வைக்கு அம்மை மாதிரியே இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"இதுக்கு முன்னால உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

மாயாண்டி சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினான்.

"வந்திருக்கு டாக்டர்" என்றான் பழனியப்பன். "எழுவத்தஞ்சுல. அதனாலதான் இவனால ஒரு முக்கியமான எடத்துக்கு வரமுடியாமப் போச்சு. நெத்தியில பாருங்க தழும்ப. அதுக்கு நானே சாட்சி."

சாட்சி. அந்த ஒரு சொல்லில் மாயாண்டிக்குக் காது இரண்டும் எரிந்தன. சொல்லவேண்டிய இடத்தில் மச்சானுக்காக அவன் சொல்லவில்லை. கேட்காமலே அவனுக்காக மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறான். தலையைக் குனிந்து, தரையில் கிடந்த பஞ்சுத் துணுக்கைப் பார்த்தபடி ஆமாம் என்று முனகினான்.

டாக்டர் யோசித்தார். ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறுபடி வராதுதான் என்றார். கிருமி மட்டும் உடம்புக்குள்ளேயே ஒளிந்துகிடந்து, பிற்காலத்தில் சிலருக்கு அக்கியாகக் கிளம்பும். ஆனால் அது ஒரு பக்கமாகப் பட்டை போட்டு வரும், இப்படி உடம்பெல்லாம் சிதறாது. இரண்டாம் தடவை அம்மையே வருவது மிக அபூர்வம். அந்த அபூர்வமான ஆளாக இவர் இருக்கலாம், அல்லது இது வேறு ஏதாவதாக இருக்கலாம். நாளைக் காலையில் மறுபடி வரச்சொன்னார். வீட்டில் யார் யார் என்று விசாரித்தவர், நவமணியின் நிலையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நான் பார்க்கிற வரைக்கும் அவங்க கிட்ட வரவேண்டாம். பிரசவ நேரத்துல தாய்க்கு அம்மை கண்டா, பிறக்கிற பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து."

திரும்பும் வழியில் பழனியப்பன் டாக்டர் சொன்னதில் முன்பாதியை மட்டும் சுமந்துகொண்டு வந்தான். தெருமுனையிலேயே தங்கையிடம் குரல் கொடுத்துவிட்டான். மறுபடி வராதாம், டாக்டரே சொல்லிவிட்டார், சும்மா ஒரு சந்தேகத்துக்கு நாளைக்கு வரச்சொன்னார், அவ்வளவுதான்.

நவமணி ஈரத் துணியோடு வாசலில் இறங்கினாள்.

"தள்ளி இருக்கணும்னு சொன்னாரு" என்றான் மாயாண்டி, லாரியின் மட்கார்டில் முதுகை ஒட்டிக்கொண்டு.

"அது டாக்டருங்க எப்பவும் சொல்றதுதான் லா" என்றான் பழனியப்பன்.

நவமணி நிற்கவில்லை. "பெட்ரீசியாவத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனப்ப வராத பயம், பொண்டாட்டியக் கண்டாத்தான் வருதா? நெத்தியில முத்திரை குத்தி வச்சிருக்கீங்க, இன்னும் என்ன பயம்? பிள்ளை பொறக்கப் போகுது, மூஞ்சக் காட்டாம அனுப்பப் பாக்குறீங்களா?"

பாதி கேலி, பாதி அழுகை. அவள் நடந்து வந்துகொண்டே இருந்தாள்.

மாயாண்டியின் கை தன்னை அறியாமல் லாரிக் கதவைத் தடவியது. ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்துவிடலாம். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. ஆனால் சாவி பழனியப்பனின் பையில் இருந்தது. நவமணியின் ஈரத் துணி அவன் முகத்துக்கு நேரே நீண்டது.

"நில்லு. இது அம்மைதான்."

"அதான் திரும்ப வராதுன்னு டாக்டரே..."

"திரும்ப வரல நவமணி. இப்பத்தான் வந்திருக்கு."

துணி அந்தரத்தில் நின்றது.

"இப்பத்தான் மொத வாட்டி வந்திருக்கு. என்னைத் தொடாத. பிள்ளை வேணும்னா உள்ள போ."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கை வயிற்றுக்குப் போனது. ஓரடி பின்வைத்தாள், இன்னோரடி. நிலைப்படியைத் தாண்டி, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டான் மாயாண்டி. விட்ட மூச்சு முடியும் முன்பே, பக்கத்தில் நின்றவன் பேசினான்.

"அப்ப அந்த வேப்பிலை?"

"மண்டோர் மவன் கத்தியக் காட்டுனான். பயந்துட்டேன். நானே கட்டிக்கிட்டேன்."

பழனியப்பன் சிரிக்கவும் இல்லை, கையை ஓங்கவும் இல்லை. பையிலிருந்து சாவியை எடுத்து லாரியின் மட்கார்டின் மேல் வைத்தான். இத்தனை வருடம் பார்த்த நெற்றியைப் புதிதாகப் பார்ப்பவன்போல உற்றுப் பார்த்தான்.

"சரி. தழும்பு? நான் வெளிய வந்தப்ப என் கண்ணால பாத்தேனே. அது பொய் இல்லையே."

மாயாண்டியால் நிமிர முடியவில்லை. தன் காலைப் பார்த்தே சொன்னான்.

"ஸ்டோர்ல பால் உறையிறதுக்கு ஊத்துற ஆசிட்டு மச்சான். கோர்ட்டுக்கு மொத நாளு, ஈர்க்குச்சியில தொட்டுத் தொட்டு நானே வச்சுக்கிட்டேன்."